சட்டையைக் கழற்றுகிற முகூர்த்தம்

சிவனணைந்தபெருமாள் பிள்ளைக்கு இடுப்பு வலி வந்தபோது ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். வாயு என்றார் ஒருவர். தோணிக் கம்பெனியில் வருஷக்கணக்காக ஸ்டூலில் உட்கார்ந்து கணக்கு எழுதியதால் வந்த சூடு என்றார் இன்னொருவர். ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயல் பார்த்துக்கொண்டிருந்த தம்பி சொரிமுத்து ஒரு சீசா தைலம் கொண்டுவந்து தந்தான். அதைத் தேய்த்ததில் இரண்டு வேட்டி பாழானதுதான் மிச்சம். ஒன்றுக்குப் போக எழுந்து எழுந்து, போனால் வராமல், வந்தால் நிற்காமல், மனிதர் பாதியாகிப் போனார். கடைசியில் மனைவி பிச்சம்மாள் ஒரு நாள் காலையில் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்க" என்று ஒரே சொல்லில் விவகாரத்தை முடித்தாள்.

டாக்டர் சத்தியராஜ் நாசரேத்துக்காரர், வாத்தியார் குடும்பம். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. அவர் கையுறை மாட்டிக்கொண்டு, பிள்ளை தன் ஆயுளில் யாருக்கும் காட்டியிராத இடத்தில் விரல் விட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், சதைத் துணுக்கு ஒன்றை மதுரைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"பிள்ளைவாள், மூத்திரப்பைக்குக் கீழே ஆம்பிளைகளுக்கு ஒரு சுரப்பி உண்டு. அதுல புத்து. எலும்புக்கும் போயிருக்கு, அதான் இந்த வலி."

பிச்சம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிள்ளை எதிரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்து இருக்கு. வேரோட பிடுங்காது, அடக்கி வைக்கும். ஆம்பிளைச் சுரப்புதான் இந்தக் கட்டிக்குத் தீனி. தீனியை நிறுத்திட்டா சுருண்டு கிடக்கும். அதுக்கு ஸ்டில்பெஸ்ட்ரால்னு ஒரு மாத்திரை, பொம்பிளைச் சுரப்பு மாதிரி வேலை செய்யும்."

பிறகு பத்தியம் சொன்னார். தினம் காலையில் ஒன்று. ஒரு நாள் மறந்துபோனால் போனதுதான், மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. இந்த மருந்துக்கு ரத்தத்தை உறைய வைக்கிற குணம் உண்டு. அதனால் கெண்டைக்கால் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அந்த நிமிஷமே வந்துவிட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். நாலு பக்கமும் உப்பளத்தை வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்காரனிடம் இதைச் சொல்லத் தனித் தைரியம் வேண்டும், டாக்டருக்கு அது இருந்தது. உடம்பு திடீர் திடீரென்று காந்தும், பெண்டாட்டி மேல் நினைப்புப் போகாது, மார்பு கொஞ்சம் வீங்கும். எது வந்தாலும் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

வலி நின்றது. சில வாரங்களிலேயே பிள்ளை பீச் ரோட்டில் பழையபடி குடையை வீசிக்கொண்டு நடந்தார். பிச்சம்மாள் தினமும் கஞ்சியோடு மாத்திரையை எடுத்து நீட்டுவாள். வெளியில் கேட்டவர்களுக்கு நீர்க்கடுப்பு என்று சொல்லி வைத்தார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் வீட்டில் இருக்கும்போது புத்து என்கிற வார்த்தையை வாசல் தாண்ட விடுவார்களா? மகள் சங்கரவடிவுக்கே சொல்லவில்லை.

டாக்டர் சொன்ன அந்தக் "கொஞ்சம்" வரவரப் பெரிதாயிற்று. முதலில் காம்பில் பனியன் உரசினாலே சுரீரென்றது. அப்புறம் இரண்டு பக்கமும் திரண்டது. ஆறு மாசத்தில் மனிதர் வீட்டுக்குள்ளும் சட்டை போட்டுக்கொண்டு திரிய ஆரம்பித்தார். அக்கினி நட்சத்திர வெயிலில், கடற்கரை ஊரில், ஆண்பிள்ளை என்று பெயர்படைத்தவன் எல்லாம் இடுப்புத் துண்டோடு விசிறிக்கொண்டு கிடக்கிற வேளையில், இவர் மட்டும் கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தார். பிச்சம்மாள் ஒன்றும் சொல்லாமல் பெரிய பனியனாக வாங்கி வந்தாள்.

இந்த நேரத்தில்தான் சங்கரவடிவுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், மின்சார ஆபீசில் வேலை. எல்லாம் பொருத்தம், மாப்பிள்ளையின் அப்பா காசிலிங்கம் பிள்ளையின் வாய் ஒன்றுதான் இடித்தது. அவர் நெல் வியாபாரி. ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவர் அவர்தான். கால் விந்தி நடக்கிற வாத்தியாருக்கு "ஒண்ணரை" என்று அவர் ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். வாத்தியார் பெண்டாட்டி ஒண்ணரை வீட்டுக்காரி ஆனாள், மகள் ஒண்ணரை மகள் ஆனாள். நிச்சயதார்த்தத்தன்று காசிலிங்கம் பிள்ளை இந்தக் கதையைத் தானே சொல்லித் தானே சிரித்தார். சபையும் சிரித்தது. பிள்ளைக்கு மட்டும் வேர்த்தது.

கல்யாணம் ஆவணியில், திருச்செந்தூரில் என்று முடிவாயிற்று. முதலில் முருகன் சந்நிதி, பிறகு மடத்தில் மணவறை. சந்நிதிக்குள் ஆண்கள் சட்டையோடு போக முடியாது. தாரை வார்க்கிற தகப்பனும் திறந்த மார்போடுதான் நிற்க வேண்டும். துண்டைத் தோளில் போட்டு மறைக்கலாமென்றால், சாமி முன்னால் துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாததல்ல. இத்தனை காலம் அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. இப்போது, சம்பந்தி எதிரே நின்று பார்ப்பதும், அவர் வாயிலிருந்து ஒரு சொல் வருவதும், அந்தச் சொல்லைத் தன் மகள் சாகிறவரை சுமப்பதும், உட்கார்ந்தால் எழுந்தால் அவர் கண்முன் வந்தது.

டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து இதைச் சொல்ல வெட்கம். அதனால் தானே ஒரு யோசனை செய்தார். அது முழுக்க முழுக்கத் தோணிக் கம்பெனி யோசனை.

தூத்துக்குடியில் அப்போது புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் எல்லாம் தூரக் கடலில்தான் நிற்கும். தோணிகள் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்த்துவிட்டுத் திரும்பும். போய் வந்தால் ஒரு நடை. கச்சான் காற்று வீசுகிற நாட்களில் நடை விட்டுப்போகும். யாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. காற்று அடங்கியதும் இரண்டாகவும் மூன்றாகவும் ஓட்டி, கப்பல் கிளம்புவதற்குள் ஈடுகட்டிவிடுவார்கள். பிள்ளையின் வாழ்க்கை முழுவதும் இந்த ஈடுகட்டலிலேயே போயிருந்தது. மாத்திரையும் அப்படித்தான் என்று அவர் முடிவு கட்டினார். கல்யாணம் வரை நிறுத்தினால் மார்பு வற்றிவிடும். தாலி ஏறிய மறுநாளிலிருந்து கூடுதலாகப் போட்டு விட்டதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் முதல் மாத்திரை நாக்குக்கு அடியில் தங்கியது. கஞ்சி மட்டும் உள்ளே போயிற்று. பீச் ரோட்டுக்கு வந்ததும் அதைக் கடலில் துப்பினார். அன்றாடம் இந்தக் காரியத்தை, கம்பெனி வேலையில் காட்டுகிற அதே ஒழுங்கோடு செய்தார்.

மார்பு வற்றவில்லை. வைகாசி போய், ஆனி போய், ஆடி பிறந்தும் அதே பனியன்தான் சரியாக இருந்தது. வலி மட்டும் சொல்லி வைத்தாற்போல் திரும்பி வந்தது. முதலில் இடுப்பில், பிறகு முதுகுத்தண்டில். பல்லைக் கடித்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை கொடுக்க அலைந்தார். ஒரு நாள் கம்பெனிப் படியில் இடது கால் மரத்துப்போய், மடிந்து விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் சத்தியராஜ் முன்னால் கிடத்தினார்கள்.

"மாத்திரை ஒழுங்காப் போடுதீங்களா?" டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

பிச்சம்மாள் முந்திக்கொண்டாள். "நாந்தான டாக்டர் தெனமும் எடுத்துக் குடுக்கேன். ஒரு நா விட்டதில்ல."

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ மருந்து கேக்காமப் போச்சு. இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகும்னு நான் நெனைக்கல. இனி விதை ரெண்டையும் எடுத்திரணும். அதுவும் எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்னு என்னால சொல்ல முடியாது. அம்மா, நீங்க மனசைத் தேத்திக்கணும்." பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதப் பேனாவைத் திறந்தார்.

மருந்து தோற்றுப்போகவில்லை என்பது அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறக்காவிட்டால் டாக்டர் தப்பான கணக்கில்தான் எல்லாவற்றையும் செய்வார். அது பிள்ளைக்குப் புரிந்தது. கத்திக்குப் பயமா, பெண்டாட்டி முகத்துக்குப் பயமா என்று ஒரு கணம் எடைபோட்டுப் பார்த்தார்.

"நான் போடல," என்றார்.

"எதை?"

"மாத்திரையை. வைகாசிலேருந்து போடல. கடல்ல துப்பிருவேன்."

டாக்டர் பேனாவை மூடினார். பிச்சம்மாள் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை காரணத்தைச் சொன்னார். சந்நிதி, தாரை, சம்பந்தி வாய் எல்லாவற்றையும் தலையைத் தூக்காமலே சொன்னார். சொல்லிவிட்டு, "விட்டதை எல்லாம் பிடிச்சிருதேன் டாக்டர். தெனம் மூணாப் போட்டு அடைச்சிருதேன்" என்றார்.

"ரத்தம் உறைஞ்சு நெஞ்சுக்குப் போனா, கல்யாணத்துக்கு முந்தி உங்களைத்தான் தூக்கிட்டுப் போவாங்க. இது தோணி நடை இல்ல பிள்ளைவாள், ஈடுகட்ட. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு, அவ்வளவுதான்." டாக்டருக்குக் கோபத்தில் குரல் உயர்ந்தது. "மார்பு வற்றிச்சா?"

"இல்ல."

"வற்றாது. அது சதையா ஊறியாச்சு. ஆரம்பத்துலேயே எங்கிட்ட வந்திருந்தா ஏதாவது பாத்திருக்கலாம். ஏன் வரல?"

"வெக்கமா இருந்துது."

டாக்டர் பேனாவைப் பைக்குள் செருகினார். மாத்திரை நிஜமாகவே உள்ளே போனால் கேட்கும் என்றும், சில நாள் பார்த்துவிட்டுக் கால் தேறாவிட்டால் பாளையங்கோட்டைதான் என்றும் சொல்லி அனுப்பினார். கால் பழையபடி ஆகுமா என்று பிள்ளை கேட்டதற்கு, "தெரியாது" என்றார். நாசரேத்துக்காரரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்கவைத்த பிறகுதான் பிச்சம்மாள் பேசினாள். "தாலியை அறுக்கணும்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா. நானே அறுத்து உங்க கையில தந்திருப்பேனே. தெனமும் கஞ்சியைக் கலக்கி எடுத்துட்டு வந்து, குடிக்கிறது வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னேனே, பாவி மட்டை." அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போது வந்தது. அடுத்த அறையிலிருந்த சங்கரவடிவு ஓடிவந்தாள். இனி அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது? தாய்க்காரி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் காலையிலிருந்து மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள் பிச்சம்மாள். பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

செய்தி கேட்டுச் சொரிமுத்து வந்தான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணாச்சி ஒண்ணும் விசாரப்படாண்டாம். தாரை வார்க்க நான் இருக்கம்லா. நீங்க படுத்துக் கெடங்க" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். பிள்ளைக்கு அது முதுகு வலியைவிட வலித்தது. சட்டையைக் கழற்றுவதற்குப் பயந்தவருக்கு இப்போது நிற்பதற்கே காலில்லை. நெஞ்சுக்குள் ஓர் எண்ணமும் ஓடியது: சொரிமுத்து நின்றால் யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஒருவகையில் விட்டது தொல்லை.

சொரிமுத்து போனபின் சங்கரவடிவு வந்து நின்றாள்.

"சித்தப்பாவே நிக்கட்டும்னு சொல்லிட்டியளாப்பா?"

"ஒண்ணும் சொல்லல. காலு கேக்கணுமே."

"காலு கேட்டா?"

பிள்ளை கழுத்துப் பித்தானைத் தடவிப் பார்த்தார்.

"அந்த மாமா பட்டப்பேரு வப்பாருன்னுதான உசுரையே கடல்ல துப்புனிய? அப்பன் இருக்கப்பவே சித்தப்பன் தாரை வார்த்தா அதுக்கு ஒரு பேரு வக்க மாட்டாராக்கும்? அவரு என்ன வேணும்னாலும் வச்சிட்டுப் போகட்டும். எனக்கு நீங்க வந்து நிக்கணும்." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் பிள்ளை, யாரும் சொல்லாமலே, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார்.

மருந்து கேட்டது. வலி இறங்கியது, மரத்துப்போனது கொஞ்சம் உணர்ச்சி கண்டது. இடது கால் மட்டும் முழுக்க வரவில்லை. பாதத்தை இழுத்து இழுத்து, கம்பை ஊன்றிக்கொண்டு நடக்கிற அளவில் நின்றுவிட்டது. பாளையங்கோட்டைக்குப் போக வேண்டாம் என்றார் டாக்டர். இனிமேல் இந்தக் கால் இப்படித்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ஆவணி முகூர்த்தத்தன்று திருச்செந்தூரில் நல்ல கூட்டம். சந்நிதி வாசலில் ஆண்கள் வரிசையாகச் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினார். பனியனையும் தலை வழியாக உருவினார். பக்கத்தில் நின்ற பையன்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் பார்த்துவிட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தார். காசிலிங்கம் பிள்ளை நேராகவே பார்த்தார். அவர் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. அன்று முழுவதும் அந்த வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. பிள்ளைக்கு அதுவே பெரிய பயமாக இருந்தது.

மடத்தில் தாரை வார்க்கும்போது பிள்ளை கம்பில்லாமல் நின்றார். பிச்சம்மாள் தோளோடு தோளாக ஒட்டி நின்று முட்டுக்கொடுத்தாள். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். மேலே தண்ணீர் விழுந்தது. சங்கரவடிவு அவர் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. பிள்ளைக்கு அழுகை வந்தது, அழுதார். பெண்ணைப் பெற்றவன் அழுவதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்வதில்லை.

சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது காசிலிங்கம் பிள்ளை வந்து, "அண்ணாச்சி, இப்படி வாங்க" என்று மடத்துக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை அதற்குள் சட்டையைப் போட்டிருந்தார். எதுவானாலும் கேட்டுக்கொள்வது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றார்.

"அந்த மார்பு," என்றார் காசிலிங்கம் பிள்ளை, குரலைத் தாழ்த்தி, "மாத்திரையால வந்ததா?"

பிள்ளை திகைத்துப்போனார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அண்ணன் ஏன் கல்யாணத்துக்கு வரலன்னு வெசாரிச்சியள்லா. மேலுக்குச் சொகமில்லன்னு சொன்னேன். அவருக்கும் இதே எழவுதான். வந்தா சட்டையைக் கழட்டணுமே, அதான் வரல." யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "என் வாயி சும்மா இருக்குமா? தை மாசம் ஒரு நா வெளையாட்டா அவருக்கு ஒரு பேரு சொல்லிட்டேன். அன்னைக்கே மாத்திரையை விட்டுட்டாரு. இப்ப முனங்கிக்கிட்டே கெடக்காரு. டாக்டர்ட்ட வரவும் மாட்டேங்காரு. ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி, மாத்திரையை விட்டா அந்த மார்பு திரும்பப் போயிருமா?"

"போகாது," என்றார் பிள்ளை. "காலுதான் போகும்."

காசிலிங்கம் பிள்ளை அவருடைய காலைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பெண்ணை விடப் போன காரில் பிள்ளையும் ஸ்ரீவைகுண்டம் போனார். வீடெல்லாம் சிரிப்பும் ஆரத்தியுமாக இருந்தபோது அவர் கம்பை ஊன்றிக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போனார். காசிலிங்கம் பிள்ளையின் அண்ணன், அந்த வீட்டுப் பெரியவர், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். கழுத்து வரை பித்தான். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. காசிலிங்கம் பிள்ளை வாசற்படியோடு நின்றுகொண்டார்.

பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் வடிவுக்கு அப்பா. இங்கன திரும்பும்," என்றார். பெரியவர் அசையவில்லை. பிள்ளை சட்டையைக் கழற்றினார், பனியனையும் கழற்றினார். அந்த வீட்டில் அவரைக் கழற்றச் சொல்ல எந்தச் சாமியும் இல்லை. துணி உரசும் சத்தத்துக்குப் பெரியவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்படியேவா சபையில நின்னீரு?"

"ஆமா."

"சிரிச்சானுவளா?"

"தெரியல. நான் பாக்கல."

பெரியவர் பிள்ளையின் மார்பிலிருந்து கண்ணை எடுத்து, கட்டிலில் சாய்த்திருந்த கம்பைப் பார்த்தார். "அது?"

"மாத்திரையை நிறுத்துனதுக்குக் கெடைச்சது. நீரு நிறுத்துன அதே காரணத்துக்குத்தான் நானும் நிறுத்துனேன்."

"வலி?"

"திரும்பப் போட ஆரம்பிச்சதும் கொறைஞ்சுட்டு. ஆனா நீரா எடுத்துப் போடப்படாது. நேரா டாக்டர்ட்டப் போயி, இத்தனை மாசம் விட்டுட்டேன்னு சொல்லணும். அதைச் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கும். மத்ததெல்லாம் ஒண்ணுமில்ல."

முன்கட்டில் யாரோ மாப்பிள்ளையைக் கேலி செய்ய, பெண்கள் சிரிப்பது கேட்டது. பெரியவர் வாசற்படியைப் பார்த்து, தை மாசத்துக்கப்புறம் முதல் தடவையாகத் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஏலே காசி. அந்தக் காரை அனுப்பிராதே. காலையில வேணும்."